கடல்நாயின் சுகத்தை ட்ரோன் சொல்லுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் கலியாண வீடு, கோயில் தேர், பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி என்று ட்ரோன் பறக்கவிட்டுப் படம் எடுப்பது என் தொழில். வெளிநாடுகளில் இதே கருவியால் காட்டு விலங்குகளின் உடல்நலத்தைக் கவனிக்கிறார்கள் என்று ஒருநாள் வாசிக்கத் தொடங்கியவன், பிறகு அதிலேயே ஊறிப்போனேன். எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில், கடல்நாயை (ஆங்கிலத்தில் சீல்) உதாரணமாக வைத்து இதைப் பற்றி இரண்டு மாலை படம் போட்டுக் காட்டிப் பேசினேன். அங்கே கேட்ட கேள்விகளையும், அதற்குப் பிறகு வெளிநாட்டு உறவுகள் தொலைபேசியில் கேட்டவற்றையும் சேர்த்து இங்கே எழுதிவைக்கிறேன்.

எங்கள் கடலில் கடல்நாயே இல்லை. பிறகு எதற்கு இந்தக் கதை?

முதல் மாலை முதல் கேள்வியே இதுதான். கேட்டவர் ஐம்பது வருசம் கடலுக்குப் போன பெரியவர். அவர் சொன்னது சரி. கடல்நாய்களில் பெரும்பாலானவை குளிர்ந்த கடல்களில் வாழ்பவை. ஹவாயிலும் மத்தியதரைக் கடலிலும் வாழும் துறவிக் கடல்நாய்கள் மட்டும் விதிவிலக்கு. 2019இல் தென்துருவப் பக்கத்து யானைக் கடல்நாய் ஒன்று வழிதவறி இலங்கையின் தென்கரைக்கு வந்தது. அதை விருந்தாளிக் கணக்கில்தான் வைக்க வேண்டும்.

ஆனால் எங்களுக்கு இதில் இரண்டு சோலி இருக்கிறது. ஒன்று, எங்கள் வீடுகளில் பாதிப் பேர் கடல்நாய் உள்ள நாடுகளில்தான் இருக்கிறார்கள். இங்கிலாந்து, நோர்வே, டென்மார்க், கனடா என்று எங்கே போனாலும் கரையில் கடல்நாய் படுத்திருக்கும். மற்றது, கடல்நாயில் பழகிய முறையைக் கொஞ்சம் மாற்றினால் எங்கள் கடற்பன்றிக்கும் பயன்படும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

கடல்நாய், கடற்சிங்கம், நீர்நாய், கடற்பன்றி எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. கடல்நாய்க்கு வெளிக்காது கிடையாது. தரையில் வயிற்றால் உந்தி உந்திப் போகும். கடற்சிங்கத்துக்குச் சின்னக் காது உண்டு, முன்துடுப்பை ஊன்றி நடக்கும். நீர்நாய் ஆறு குளங்களில் மீன் பிடிக்கும் வேறொரு பிராணி, இலங்கையிலும் உண்டு. கடற்பன்றி என்று நாங்கள் சொல்வதைத் தமிழ்நாட்டில் ஆவுளியா என்றும் கடற்பசு என்றும் சொல்வார்கள். அது புல் தின்னி, யானைக்குத் தூரத்துச் சொந்தம், கரைக்கு ஏறாது.

மேலே நின்று பார்த்தால் ஒரு விலங்கு சுகமாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

நெடுந்தீவுக்குப் போனவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். கோடையில் தண்ணீரும் புல்லும் வற்றிய நேரம் அங்குள்ள குதிரைகளைப் பாருங்கள். பக்கத்தில் போய்த் தொட வேண்டியதில்லை. முதுகெலும்பு துருத்தி, இடுப்பெலும்பு இரண்டும் கூடாரக் கம்பு மாதிரி நிற்கும். மாரி பெய்து இரண்டு மாதம் போனால் அதே குதிரை உருண்டு திரண்டிருக்கும்.

கடல்நாயிலும் இதே கதைதான், ஆனால் எல்லாம் தோலுக்கடியில் உள்ள கொழுப்பில் இருக்கிறது. குளிரைத் தாங்குவதும் அதால், பட்டினி கிடக்கும் காலத்தைக் கடப்பதும் அதால். நன்றாகத் தின்ற கடல்நாய் மேலிருந்து பார்த்தால் பீப்பாய் போல இருக்கும், தலை எங்கே முடிகிறது உடம்பு எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. மெலிந்ததில் கழுத்து தனியாகத் தெரியும், இடுப்புப் பக்கம் ஒடுங்கும். ஆகவே நேர் மேலிருந்து எடுத்த படத்தில் மூக்கு நுனியிலிருந்து வால் வரை நீளம் அளக்கிறார்கள், பிறகு உடம்பின் குறுக்கே பல இடங்களில் அகலம் அளக்கிறார்கள். நீளத்துக்கு ஏற்ற அகலம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அந்த அளவுகளிலிருந்து எடையையும் கணக்கிடலாம்.

முன்பெல்லாம் எடை பார்க்க வேண்டுமென்றால் விலங்கை வலைபோட்டுப் பிடித்து, மயக்க மருந்து கொடுத்து, முக்காலி நட்டு, தராசில் தூக்க வேண்டும். அந்தாட்டிக்காவின் சிறுத்தைக் கடல்நாய் முந்நூறு நானூறு கிலோ வரும், பல்லும் பொல்லாதது. மயக்கமே சில சமயம் அதன் உயிருக்கு வினையாகும். 2017இல் அங்கே லிவிங்ஸ்டன் தீவில் வேலை செய்த அமெரிக்க ஆய்வாளர்கள், ஆறு விசிறிச் சின்ன ட்ரோன் ஒன்றால் எடுத்த படங்களைக் கொண்டே இந்தச் சிறுத்தைக் கடல்நாய்களின் எடையைத் தராசுக்கு மிகக் கிட்டவாக மதிப்பிட முடியும் என்று காட்டினார்கள். எனக்கு இந்தத் துறையில் முதலில் பிடித்துப்போனது அந்த வேலைதான்.

இன்னொரு உதாரணம் சாம்பல் கடல்நாய்த் தாய். குட்டி போட்டு ஏறக்குறைய 18 நாள் பால் கொடுக்கும். அந்த நாட்களில் பெரும்பாலும் ஒன்றும் தின்னாது. பிறக்கும்போது 14 கிலோ இருந்த குட்டி பால் மறக்கும்போது 45 கிலோ அளவில் வந்துவிடும். தாயோ தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்திருக்கும். அந்தக் கரையை இடைவெளி விட்டுப் படம் எடுத்தால், ஒன்று ஊதிக்கொண்டே போவதையும் மற்றது வற்றிக்கொண்டே போவதையும் அளவுகோலில் காணலாம். எந்த வருசம் தாய்கள் ஏற்கெனவே மெலிந்துதான் கரைக்கு வந்தன என்பதும் தெரிந்துவிடும். அது கடலில் மீன் குறைந்த வருசமாக இருக்கலாம்.

படத்தை வைத்து எப்படி மீட்டர் கணக்கில் அளப்பது? ஏமாற்று வேலை மாதிரி இருக்கே?

கணக்கு மிகச் சாதாரணமானது. கமராவின் குவியத்தூரம், ஒளியைப் பதியும் உணரியின் அகலம், அந்த அகலத்தில் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கை, பறந்த உயரம் நான்கும் தெரிந்தால் படத்தின் ஒரு புள்ளி தரையில் எவ்வளவு என்று சொல்லிவிடலாம். என்னிடம் இருப்பது போன்ற ஓர் அங்குல உணரிக் கமராவில், 30 மீட்டர் உயரத்தில் ஒரு புள்ளி ஏறக்குறைய 8 மில்லிமீட்டர். கடல்நாயின் உடம்பு படத்தில் எத்தனை புள்ளி என்று எண்ணிப் பெருக்கினால் நீளம் வந்துவிடும்.

வில்லங்கம் உயரத்தில்தான் இருக்கிறது. நான் அதைப் பட்டு அறிந்தவன். பழகிப் பார்ப்பதற்காக, அனுமதி எடுத்து, கரையில் ஏற்றி வைத்திருந்த 23 அடி பைபர் படகு ஒன்றை 30 மீட்டரிலிருந்து படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து அளந்தால் 22 அடி! மூன்று தரம் அளந்தேன், அதே 22. படகுக்காரரிடம் கேட்டேன், தம்பி, நான் காசு குடுத்தது 23 அடிக்கு என்றார். கடைசியில்தான் மூளைக்கு எட்டியது. நான் ட்ரோனைக் கிளப்பியது இறங்குதுறைக் கட்டின் மேலிருந்து. படகு கிடந்த மணல் அதைவிட ஒரு மீட்டரும் ஒரு சாணும் பள்ளம். ட்ரோன் காட்டும் உயரம் கிளம்பிய இடத்திலிருந்து, படகிலிருந்து அல்ல.

ஓர் அடிதானே என்று விட முடியாது. நீளத்தில் 4 சதவீதம் பிழைத்தால் அகலத்திலும் தடிப்பிலும் அதே பிழை வரும், எடைக்குப் போகும்போது மூன்றும் பெருகி 12 சதவீதம் ஆகிவிடும். 400 கிலோ விலங்கை 352 கிலோ என்று எழுதி, ஐயோ மெலிந்துவிட்டது என்று அறிக்கை விட்டிருப்போம். இதனால்தான் ஆய்வாளர்கள் லேசர் உயரமானி பூட்டுகிறார்கள், அல்லது அளவு தெரிந்த பலகை ஒன்றைப் படத்தில் விழும்படி வைக்கிறார்கள். விலங்கு வளைந்து படுத்திருந்தால், ஒருக்களித்திருந்தால் அந்தப் படத்தைக் கழித்துவிடுவார்கள். நூறு படம் எடுத்தால் அளக்கத் தகுந்தது கொஞ்சம்தான் தேறும்.

வெப்பக் கமராவால் காய்ச்சல் பார்க்கலாமா?

நெற்றியில் கைவைத்துப் பார்ப்பது போல முடியாது. வெப்பக் கமரா காண்பது தோலின் மேற்பரப்பை மட்டும். கடல்நாய்க்குக் கொழுப்புப் போர்வை இருப்பதால் உள்ளே என்ன சூடு என்பது வெளியே தெரியாது. ஈர உடம்பு குளிராகத் தெரியும், வெயில் காய்ந்த உடம்பு சூடாகத் தெரியும். புண்ணும் வீக்கமும் சில சமயம் தனியாக ஒளிரும். அதையும் கண்ணால் பார்த்த படத்தோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

அது உண்மையில் கெட்டிக்காரத்தனம் காட்டுவது எண்ணுவதில். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பனிக்காலத்தில் சாம்பல் கடல்நாய்களை நிலைச்சிறகு ட்ரோனால் (சின்ன விமானம் போன்றது) வெப்பப் படம் எடுத்து, கணினியை விட்டு எண்ணவைத்தார்கள். 2017இல் வெளிவந்த முடிவின்படி மனிதர் எண்ணியதோடு 95 முதல் 98 சதவீதம் ஒத்துப்போனது. பனியில் சூடான உடம்பு விளக்குப் போலத் தெரியும், அதுதான் சூட்சுமம். காங்கேசன்துறைக் கரையில் மத்தியான வெயிலில் இதைச் செய்தால் ஒவ்வொரு கல்லும் கடல்நாய்தான்.

கொள்ளைநோய் வந்தால் ட்ரோன் கண்டுபிடித்துவிடுமா?

நோயின் பெயரை ட்ரோன் சொல்லாது. ஏதோ நடக்கிறது என்று மட்டும் சொல்லும். சில சமயம் அதுவே பெரிய உதவி.

1988இல் டென்மார்க்கின் ஆன்ஹோல்ட் தீவில், காலம் தப்பிப் பிறந்த செத்த குட்டிகள் கரையில் கிடப்பதை முதலில் கண்டார்கள். காரணம், நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் நோய்க்கு உறவான ஒரு வைரஸ். அந்த வருசம் வட கடல் பக்கத்தில் 20 ஆயிரத்துக்கு மேற்பட்ட துறைமுகக் கடல்நாய்கள் செத்தன. 2002இல் அதே தீவிலிருந்து மீண்டும் கிளம்பி ஏறக்குறைய 30 ஆயிரத்தைக் கொண்டுபோனது. ஆள் அதிகம் போகாத மணல்திட்டுகளில் இப்படியொன்று தொடங்கினால் முதல் கிழமையிலேயே யார் காண்பார்கள்? முறைவைத்துப் பறக்கும் ட்ரோன் காணும்.

இப்போதைய பயம் பறவைக்காய்ச்சல். 2023இல் ஆர்ஜென்டீனாவின் வால்டெஸ் தீபகற்பத்தில் யானைக் கடல்நாய்க் குட்டிகள் ஏறக்குறைய 17 ஆயிரம் செத்தன. அதே வருசம் தெற்கு ஜோர்ஜியாத் தீவுக்கும் நோய் போனது. உலகத்திலேயே பெரிய யானைக் கடல்நாய்க் கூட்டம் இருப்பது அங்கேதான். பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் அங்குள்ள மூன்று பெரிய இனப்பெருக்கக் கரைகளை ட்ரோனால் படம் எடுத்து, 2022ஐயும் 2024ஐயும் ஒப்பிட்டார்கள். குட்டி போட வந்த பெண் விலங்குகள் 47 சதவீதம் குறைந்திருந்தன. கரை முழுக்கச் சடலம் கிடக்க வேண்டும் என்றில்லை. வர வேண்டியவை வராமல் விட்டதையும் எண்ணிக்கை காட்டிவிடுகிறது. 2022இல் நோய்க்கு முன்பே யாரோ பொறுமையாகப் படம் எடுத்து வைத்திருந்ததால்தான் இது தெரியவந்தது. இந்த வேலையில் மிக முக்கியமானது, ஒன்றும் நடக்காத வருசத்துப் படம். அதற்குக் காசு கொடுக்கத்தான் யாருக்கும் மனம் வராது.

ஆனால் எது வைரஸ் என்று சொல்ல, கையுறை போட்ட ஒருவர் போய் மூக்கிலிருந்தோ சடலத்திலிருந்தோ மாதிரி எடுக்கத்தான் வேண்டும்.

இதில் ஒரு பொறியும் இருக்கிறது. யானைக் கடல்நாய் வருசத்துக்கு ஒருமுறை தோலோடு சேர்த்து மயிரை உரிக்கும். அந்த நேரம் படம் பார்த்தால் சொறி பிடித்து அழுகிய மாதிரி இருக்கும். நான் முதலில் அப்படியொரு படத்தைக் கண்டு, பாவம், சாகப்போகிறது என்றே நினைத்தேன். அது நல்ல சுகமாகத் தோலுரித்துக்கொண்டு கிடந்தது.

நோயைவிட ட்ரோன் தெளிவாகக் காட்டுவது கழுத்தில் இறுகிய வலைத்துண்டையும் பிளாஸ்டிக் வளையத்தையும். குட்டியாக இருந்தபோது மாட்டியது, உடம்பு வளர வளர அறுத்துக்கொண்டு உள்ளே போகும். இங்கிலாந்தின் நோர்போக் கரையில் எறிந்து விளையாடும் வளையத் தட்டுகள் மாட்டிய கடல்நாய்களை மீட்டிருக்கிறார்கள். மேலிருந்து எடுத்த படத்தில் அந்த வெட்டு சிவப்புக் கோடாகத் தெரியும். எந்த விலங்கு, எந்த இடம் என்று அறிந்து ஆட்களை அனுப்பலாம்.

மூச்சைப் பிடித்துப் பரிசோதிக்கிறார்களாமே?

அது திமிங்கிலத்தில். திமிங்கிலம் மேலே வந்து மூச்சை ஊதும்போது, ட்ரோனில் பூட்டிய மூடியுள்ள தட்டில் அந்தத் துளிகளைப் பிடிப்பார்கள். 2017இல் அவுஸ்திரேலியாவின் சிட்னிக்கு அப்பால் கூன்முதுகுத் திமிங்கிலங்களில் செய்துகாட்டினார்கள். கடல்நாயின் மூச்சுக்கு அந்த வேகம் கிடையாது.

அந்தச் சத்தம் விலங்குக்குத் தொல்லை இல்லையா?

இரண்டாவது மாலை இதைக் கேட்டவர் ஒரு அம்மா. கேட்டுவிட்டு, எங்களுக்குத் தெரியாத வண்டா என்றார். மண்டபம் கொஞ்ச நேரம் பேசவில்லை. யுத்த காலத்தில் வன்னியில் இருந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஆளில்லாமல் வந்து வேவு பார்த்த விமானத்தைச் சனம் வண்டு என்றுதான் சொன்னது. வெளியில் உலை கொதிக்கும், பிள்ளைகள் விளையாடும், எல்லாம் வழக்கம்போல இருக்கும். காது மட்டும் மேலே இருக்கும்.

ஆய்வாளர்களும் இதைக் கொஞ்சம் பிந்தித்தான் கண்டார்கள். கடல்நாய்க் கூட்டத்தில் முதலில் தலைகள் நிமிரும். பிறகு நகரும். அதன் பிறகு ஒன்று தண்ணீருக்குப் பாய்ந்தால் எல்லாம் பாயும், அந்த நெரிசலில் குட்டிகள் நசியும், தாயைப் பிரியும். தலை நிமிர்ந்த உடனே திரும்பிவிட வேண்டும் என்பது வழக்கம். ஆனால் தலையே நிமிராவிட்டால்? 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அமெரிக்காவின் மினசோட்டாவில் கருங்கரடிகளின் உடம்பில் இதயத்துடிப்பு அளக்கும் கருவி வைத்துவிட்டு ட்ரோன் பறக்கவிட்டார்கள். பெரும்பாலான கரடிகள் ஓடவுமில்லை, ஒளியவுமில்லை. ஆனால் ஒரு தாய்க்கரடியின் துடிப்பு நிமிடத்துக்கு 41இலிருந்து 162க்கு ஏறியது.

அதனால் என் கருத்து இது: அசையாமல் கிடக்கிறது, தொல்லை இல்லை என்று யாராவது எழுதினால் உடனே நம்ப மாட்டேன். விலங்கின் நேர் மேலே கிளப்பாமல் தூரத்தில் கிளப்பி, உயரத்தில் வந்து, ஒரே சீராகக் கடந்து போவதும், குட்டி போடும் காலத்தில் இன்னும் உயரப் பறப்பதும், முப்பது மீட்டரில் போதிய தெளிவு கிடைத்தால் பத்து மீட்டருக்கு இறங்காமல் விடுவதும் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மேலேயே நின்று சுற்றுவதும் திடீரென்று இறங்குவதும்தான் பருந்துக் குணம். அதற்குத்தான் விலங்கு அதிகம் பயப்படும்.

எங்கள் கடற்பன்றிக்கு இதைச் செய்யலாமா?

செய்யலாம், ஆனால் அப்படியே பெயர்த்து நட முடியாது. கடல்நாய் கரையில் மணிக்கணக்காகப் படுத்திருக்கும். கடற்பன்றி சில நிமிடத்துக்கு ஒருமுறை மூக்கை மட்டும் நீட்டி மூச்செடுத்துவிட்டுக் கீழே போய்விடும். வெப்பக் கமராவும் தண்ணீருக்குள் பார்க்காது. அகலம் அளக்க வேண்டுமானால் அது மேல்மட்டத்துக்கு வந்து நேராக நிற்கும் அந்தச் சில வினாடிகள்தான் இருக்கிறது.

அதற்குப் பதிலாக வேறு தடயம் உண்டு. கடற்பன்றி சாதாளை (கடற்புல்) படுக்கையில் மேய்ந்தால் வேரோடு பிடுங்கித் தின்னும், பின்னால் ஒழுங்கை போல வெறும் மணல் கோடு விழும். தெளிந்த ஆழமில்லாத தண்ணீரில் அந்தக் கோடுகளை மேலிருந்து காணலாம். விலங்கைக் காணாமலே அது வந்ததும், எங்கே தின்றது என்பதும் தெரியும். தாயோடு குட்டி தெரிகிறதா, முதுகில் படகு விசிறி வெட்டிய தழும்பு இருக்கிறதா என்பவையும் உடல்நலக் கணக்கில் சேரும். மூன்று முதல் ஏழு வருசத்துக்கு ஒரு குட்டி போடும் விலங்கு. ஒரு குட்டியைக் கண்டாலே பெரிய சேதி.

அவுஸ்திரேலியாவின் ஷார்க் பேயில் ட்ரோன் படத்தில் கடற்பன்றிகளை எண்ணிய முடிவுகள் 2013இலேயே வந்துவிட்டன. பாக்கு நீரிணையின் அந்தக் கரையில், தமிழ்நாடு 2022இல் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. விலங்குக்கு எல்லைக்கோடு தெரியாது. இந்தக் கரையில் அது சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது, ஆனாலும் வலையில் பட்டுச் சாவது நிற்கவில்லை.

காலம் பார்ப்பதும் முக்கியம். சோளகம் அடிக்கும் மாதங்களில் கடல் கலங்கி அலை நுரைக்கும், ட்ரோனும் தள்ளாடும். மாரி மழைக்குப் பிறகு களப்புத் தண்ணீர் தேத்தண்ணி நிறம். இடையில் காற்று விழுந்த காலைகள் வரும். சூரியன் தலைக்கு மேல் ஏறித் தண்ணீர் கண்ணாடி போல மின்னுவதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும்.

என்னிடமும் ஒரு ட்ரோன் இருக்கு. நாளைக்கே கடலில் பறக்க விடலாமா?

இல்லை. முதலில் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் பதிவும் அனுமதியும் வேண்டும், பாதுகாப்பு அமைச்சின் இசைவும் வேண்டும். பலாலி விமான நிலையம், முகாம்கள், கடற்படைத் தளங்கள் என்று எங்கள் குடாநாட்டில் பறக்கக் கூடாத இடம்தான் அதிகம். பாதுகாக்கப்பட்ட விலங்கைத் தேடிப் பறப்பதென்றால் வனஜீவராசிகள் திணைக்களத்திடமும் கேட்க வேண்டும். தனியாக அலையாமல் பல்கலைக்கழகத்தில் மீன்பிடி படிப்பிக்கும் ஆட்களோடு சேர்ந்து போனால் பாதிச் சுமை குறையும்.

படகிலிருந்து கிளப்புபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பற்றரி குறைந்தால் ட்ரோன் தானாக வீடு திரும்பும். வீடு என்றால் அது கிளம்பிய புள்ளி. நான் மண்டைதீவுக்கு அப்பால் படகில் நின்று கிளப்பினேன், நீரோட்டம் எங்களை இருநூறு மீட்டர் இழுத்துக்கொண்டு போனது எனக்கு உறைக்கவில்லை. ட்ரோன் ஒழுங்காகத் திரும்பி வந்தது, கிளம்பிய அதே இடத்துக்கு. ஆளில்லாத தண்ணீருக்கு மேல் நின்று, மரியாதையாக இறங்கத் தொடங்கியது. படகோட்டிய அண்ணன் இயந்திரத்தை முறுக்கிப் பாய்ந்திராவிட்டால் அன்றோடு என் தொழில் சரி. கையால் பிடித்தபோது கால்கள் நனைந்திருந்தன.

லண்டனில் இருக்கிற மகள், நோர்போக் கரையில் வெள்ளைக் கடல்நாய்க் குட்டி ஒன்று தனியாகக் கிடக்கிறது என்று படம் அனுப்பியிருக்கிறாள். என்ன செய்ய?

ஒன்றும் செய்ய வேண்டாம் என்று சொல்லுங்கள். முக்கியமாக, கடலுக்குள் தள்ளிவிட வேண்டாம். நோர்போக் பக்கம் சாம்பல் கடல்நாய்கள் மாரியில் குட்டி போடும். முதல் மூன்று கிழமை அந்த வெள்ளை மயிரோடு குட்டி கரையில்தான் கிடக்கும், தாய் பக்கத்துத் தண்ணீரில் நிற்கக்கூடும். ஆள் நிற்பதைக் கண்டால் தாய் ஏறாது. கூட்டிவந்த வளர்ப்பு நாயைக் கயிற்றில் கட்டிக்கொண்டு நன்றாகப் பின்வாங்கி, காயமோ மெலிவோ தெரிந்தால் அந்தப் பகுதி விலங்கு மீட்பு ஆட்களுக்குத் தகவல் சொல்லட்டும். மருமகன் புதிதாக வாங்கிய ட்ரோனைக் காருக்குள்ளேயே வைக்கச் சொல்லுங்கள்.